குளக்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி

அன்பு மகள் எர்மீனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் பசுவும் சுகம், பாரிஸில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கும். புல் அறுத்துப் போர் போட்டாயிற்று, பிளம் மரம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது, என் முழங்கால்தான் பழையபடி மக்கர் செய்கிறது.

இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள். உங்கள் பாரிஸிலிருந்து லம்பேர் என்றொரு ஓவியர் வந்து நம் குளக்கரையில் வெள்ளைக் குடையை நட்டு உட்கார்ந்துவிட்டார். "குளத்தப் படம் போட ஒரு ஆளா, கண்ணு இருக்கறவன் வந்து பாத்துட்டுப் போறான்" என்று அப்பாவுக்கு ஒரே எரிச்சல், ஆனாலும் தினம் பால் கறந்ததும் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மரத்துக்கு ஒரு கிளை குறையுது என்று சொல்லாமல் வரமாட்டார். கடைசியில் அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, எல்லாம் ஒரே பச்சையாக இருக்கிறது, கரையில் சிவப்பாக யாராவது நின்றால் படத்துக்கு உயிர் வந்துவிடும், நீங்கள் நிற்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். என் தலைத்துணி நீலம். வீட்டில் சிவப்பென்று இருந்தது நீ விட்டுப்போன தலைத்துணி ஒன்றுதான். நீ ரயில்காரனைக் கட்டிக்கொண்டு போன அன்று அதைப் பெட்டிக்குள் அடியில் திணித்து, இந்த வீட்டில் இனி அவள் பேரை எடுக்கக்கூடாது என்று உன் அப்பா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் கேட்காமலே அப்பா உள்ளே போனார், பெட்டியைத் திறந்தார், துணியோடு வெளியே வந்தார். கொடுங்க, கட்டிக்கிறேன் என்று நான் கையை நீட்டினால், "உனக்கெதுக்குடி, அது அவளோடது" என்று தன் தலையிலேயே கட்டிக்கொண்டார்! அந்த மீசையோடு! பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார் பார், கோயில் பூசையில்கூட மனிதர் அப்படி அசையாமல் நின்றதில்லை. மீசை தெரியாதா ஐயா என்று கேட்டேன். அவ்வளவு தூரத்தில் மீசை ஏது, வெறும் சிவப்புப் புள்ளிதான் என்று ஓவியர் சிரித்தார். முடிந்ததும் அப்பா போய்ப் பார்த்தார். பருப்பளவு சிவப்பு, கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம எர்மீன் நிக்கிற மாதிரியே இருக்குல்ல" என்றார். இரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து உன் பேர் வந்தது அன்றைக்குத்தான். நான் கோழிக்குத் தீனி போடுகிற சாக்கில் கொட்டகைக்குள் போய் ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

படம் இப்போது அங்கே ஆற்றோரத்துப் படக்கடையில் மாட்டியிருக்கிறதாம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார். பார்க்கிறவர்கள் யாரோ பெண் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும், உனக்குத் தெரியும் அது யாரென்று. வயிறு வலிக்கச் சிரி, ஆனால் அவருக்கு எழுதிவிடாதே, நான் சொன்னது தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். பிளம் பறிக்க ஆள் போதாது என்று நேற்று புலம்பிக்கொண்டிருந்தார், என்னிடம் இல்லை, பசுவிடம். "அந்தக் கரிமூஞ்சிக்கு மரம் ஏறத் தெரியுமோ என்னமோ" என்று மாப்பிள்ளையைப் பற்றியும் அதனிடமே கேட்டார். இதற்குமேல் அந்த மனிதர் இறங்கி வரமாட்டார், நீயே புரிந்துகொள்.

மாதா உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வரும்போது எனக்கு நல்ல தையல் ஊசி வாங்கி வர மறக்காதே. உன் தலைத்துணி பெட்டிக்குத் திரும்பவில்லை, வாசற்கதவை ஒட்டிய ஆணியில் தொங்குகிறது. கேட்டால், காயட்டும் என்கிறார். இங்கே மழை பெய்து மாதமாகிறது.

உன் அம்மா
ஃபெலிசி