நடு வரிசையில் நிற்கும் ஹெப்சியின் சீட்டு

அனுப்புநர்
லா. ரத்தினபாய்,
ஒப்பந்தப் பேன்ட்ரி ஊழியர்,
ராஜகீழ்ப்பாக்கம்.

பெறுநர்
மனிதவள மேலாளர் அவர்கள்,
மென்பொருள் அலுவலகம்,
கிழக்கு தாம்பரம்.

பொருள்: என் மகள் எழுதிய சீட்டில் உள்ள வேலையை, சுவரிலிருந்து சீட்டுகளை எடுக்கும் முன் முடித்துத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூன்றாம் மாடியில் நான் தேநீர் கொடுக்கிறேன். அதே மாடியில் டெஸ்டிங் வேலை பார்த்த ஹெப்சி என் ஒரே மகள். போன மழைக்காலக் காய்ச்சலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. முன்பு சத்யநாராயணன் சார் டீம் தலைவராக இருந்த காலத்தில் வருஷ வேலை முழுவதையும் ஒரே பெரிய தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். அவரவர் தடுப்புக்குள் அவரவர். தேநீர் வைக்கும்போது முதுகுதான் தெரியும், மகளுக்கும் அப்படித்தான். பிறகு குமரவேல் சார் வந்து அஜைல் என்று புது முறை கொண்டுவந்தார். தடுப்புகளைக் கழற்றிவிட்டார்கள். காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று சொல்ல வேண்டும். "இன்னாக்கா இது, ஸ்கூல் பிரேயர் மாதிரி கீது" என்று மகளோடு வேலை பார்த்த ஜாய்சன் தம்பி கிண்டல் செய்வார். எனக்குப் பிடித்திருந்தது ஐயா. தட்டோடு சுற்றி வரும்போது மகள் முகத்தைப் பார்க்கலாம்.

3. வேலைகளை மஞ்சள் சீட்டில் எழுதிக் கண்ணாடிச் சுவரில் ஒட்டுவார்கள். செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது என்று இடமிருந்து வலமாக மூன்று வரிசை. காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது பழுத்த பூவரச இலைகள் போல அவை ஏசி காற்றில் ஆடும். எழுதியவர்தான் நகர்த்த வேண்டும், அடுத்தவர் சீட்டை யாரும் தொடமாட்டார்கள்.

4. வேலை யாருக்குத் தேவையோ அவர் வாயால் கேட்பது போலவே எழுத வேண்டுமாம். கேட்ட ஆள் பார்த்துச் சரி என்றால்தான் முடிந்ததாம். இவர்கள் செய்வது ஆஸ்பத்திரி டோக்கன் எடுக்கும் ஆப். ஹெப்சி கடைசியாக எழுதியதை பஸ்ஸில் எனக்குச் சொன்னாள்: "கண்ணு மங்கின ஒரு அம்மாவா கேக்கறேன், எழுத்து பெருசா இருக்கணும், அப்பதான் யாரையும் கேக்காம நானே படிப்பேன்." யாருடி அந்த அம்மா என்றேன். "பக்கத்து வூட்டு அம்மா" என்று சொல்லி என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். சீட்டு நடு வரிசைக்கு வந்தபோது காய்ச்சல் வந்தது. இன்னும் அங்கேயே இருக்கிறது.

5. வட்டத்தில் அவள் நின்ற இடத்தையும் யாரும் மூடவில்லை. என் கால் தானாக அங்கே நின்றுவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் விமானப்படைப் பயிற்சி விமானம் சத்தமே இல்லாமல் கண்ணாடியைக் கடந்து போகும். விடியலில் கனவில் வருகிறாள். ஈரத் தலையோடு அதே இடத்தில் நின்று நேற்றையதைச் சொல்கிறாள், இன்றையதைச் சொல்கிறாள். தடை என்னவென்று மட்டும் சொல்லாமல் என்னைப் பார்க்கிறாள்.

6. வரும் வெள்ளிக்கிழமை சீட்டுகளை எடுத்துவிட்டு எல்லாம் கம்ப்யூட்டரில் என்று குமரவேல் சார் சொல்லிவிட்டார். இந்த வேலை இப்போது அவசரமில்லையாம். நான் நடுவில் நிற்பது கூட்டத்துக்கு இடைஞ்சல் என்று கீழ்த் தளத்துக்கும் மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மகளின் அடக்கத்தில் கடைசி வரை மழையில் நனைந்துகொண்டு நின்றவர் அவர்.

7. கீழே போகிறேன் ஐயா. சீட்டை எனக்குக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அந்த வேலையை முடிக்க உத்தரவு போடுங்கள். சின்ன வேலைதான், நான் செய்கிறேன் என்கிறார் ஜாய்சன் தம்பி. முடிந்ததும் ஒரு காலையில் என்னை மேலே கூப்பிடுங்கள். கண்ணாடி போடாமல் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். எழுதியவள் இல்லை, கேட்ட ஆள் இருக்கிறேன். சரியாக இருந்தால் சீட்டை நானே வலப்பக்கம் நகர்த்துகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் வட்டத்தை மூடிக்கொள்ளட்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
லா. ரத்தினபாய்

இடம்: ராஜகீழ்ப்பாக்கம்
நாள்: 19.01.2026