முத்துகிருஷ்ணன் மற்றும் பலர்

காளிகாட், கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை

அன்பு மருமகள் பூங்கோதைக்கு உன் மாமா எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். நார்வேயில் நீயும் சௌக்கியமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம்.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஆராய்ச்சி நிலையத்து நிரந்தர வேலைக்கு நீ இன்டர்வியூவுக்குப் புறப்பட்ட காலையில், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். பூங்கோதை, அந்த நாற்காலியில் எவன் உட்காரப்போகிறான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் உங்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அத்தை சாட்சி. அவளைக் கேட்டால், நீங்க 'ஆல் தி பெஸ்ட்'னுதானே சொன்னீங்க என்பாள். அவளுக்கு ஞாபகமறதி.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் காலம் முழுக்க அடுத்தவர்கள் எழுதின கடிதத்துக்கு நம்பர் போட்டு அனுப்பினவன், சொந்தக் கடிதம் ஒன்று எழுதக்கூடாதா? முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் நம்பருக்கே அனுப்புவேன். அதற்கும் நீல டிக் போட்டுக்கொள்.

அங்கே இன்னும் மூன்று வருஷத்துக்கு இருக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்களாம், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். கொல்கத்தாவில் ஒரு சின்ன வழி திறந்தாலும் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவேன் என்று சொன்னாயாம். உன் அம்மா கரக்பூரிலிருந்து போன் செய்து சொன்னாள். என்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னாய், பரவாயில்லை. அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதி. உன் மாமா நான் உலகப் புகழ் பெற்றுவிட்டேன். பவானிபூரில் நம் சக்ரவர்த்தி தாதா இருக்கிறாரே, காலேஜில் விலங்கியல் எடுத்து ரிட்டயர் ஆனவர், அவர் தன் கம்ப்யூட்டரில் காட்டினார். உன் முதல் கட்டுரையை ஜப்பானில் ஒருத்தன் மேற்கோளாக எடுத்துக் காட்டியிருக்கிறான், பிரேசிலில் எடுத்துக் காட்டியிருக்கிறான், சூடானில் ஒரு ஆஸ்பத்திரிக்காரன் எடுத்துக் காட்டியிருக்கிறான். எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: முத்துகிருஷ்ணன் மற்றும் பலர். எட்டாம் கிளாஸைத் தாண்டாதவன் பேர், பூங்கோதை! மீன் மார்க்கெட்டில் இப்போது என்னை டாக்டர்பாபு என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒருத்தன் கேட்டான். நீ சொல்லித் தந்ததைச் சொன்னேன். காலா அசார் காய்ச்சலில், உடம்பின் காவல்காரன் கிருமியைப் பிடித்து விழுங்கிவிடுகிறான், ஆனால் கொல்ல மறந்துவிடுகிறான், அது அவன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்திக் குட்டி போடுகிறது, அவன் ஏன் மறக்கிறான் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி என்றேன். எங்கள் என்றுதான் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. ஹில்சா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

என் பேர் எப்படி அங்கே போனது என்று நீ ஏர்போர்ட்டில் கேட்டாய். கேட்கவில்லை, குத்தினாய். அன்னைக்கு ஸ்கூல்ல அப்பா பேரைக் குடுத்திருந்தா போதுமே மாமா என்றாய். நீ நினைப்பதுபோல் அல்ல அது. உன் அப்பா சிவராஜ் அப்போது லைன் டியூட்டியில் எங்கேயோ இருந்தார். உன்னை இங்கே கூட்டி வந்து பள்ளியில் சேர்த்தவன் நான். கிளார்க் பேர் கேட்டான், பூங்கோதை என்றேன். டைட்டில் என்ன என்றான். எங்களுக்கு டைட்டில் கிடையாது, அப்பன் பேரில் முதல் எழுத்துத்தான் என்றேன். பானர்ஜி, தாஸ், மண்டல் என்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டைட்டில் இல்லாத மனுஷன் உண்டா என்று அவன் சிரித்தான். பின்னால் ஒருத்தியும் சிரித்தாள். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர்களுக்கு வேண்டியது ஒரு பேர், என்னிடம் இருந்தது என் பேர், கொடுத்தேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பான்.

உன் முதல் கட்டுரைகள் வரைக்கும் அந்தப் பேரே உன்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு பாஸ்போர்ட் எடுக்கும்போது, அப்பா பேர்தான் இருக்க வேண்டும் என்று நீயே மாற்றிக்கொண்டாய். நியாயம்தான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து உன் கட்டுரைகள் பூங்கோதை சிவராஜ் பேரில் வந்தன. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ஒரு பெண்ணை இரண்டாக அறுத்து, பாதியை என்னிடமும் பாதியை உன் அப்பாவிடமும் வைத்துவிட்டது. நிறையப் பேர் மேற்கோள் காட்டினதெல்லாம் என் பக்கம். உன்னை இன்டர்வியூ செய்த கமிட்டிக்காரர்கள் எண்ணிப் பார்த்தது உன் அப்பா பக்கம்.

நான் கேட்பது இதுதான். இரண்டும் ஒரே ஆள் என்று நீ நேரில் சொன்னாய். அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். நோட்டரியிடம் போய்க் கொண்டு வந்தாய். தேதி முடிந்தது என்றார்கள். எட்டு வருஷம் அதே கட்டடத்தில் வேலை பார்த்தவள், ஒரே ஆள்தான் என்பதற்கு நோட்டரி எதற்கு? வேண்டாம் என்று தீர்மானித்தவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதற்கு என் பேர் தோதாகக் கிடைத்தது. இல்லாவிட்டால் வேறொன்று கிடைத்திருக்கும்.

உனக்குத் தராத அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிறானே, அவன் மேற்கோள் கணக்கையும் தாதா திறந்து காட்டினார். எண்ணிக்கை பெரிசுதான். ஆனால் எழுதினவர்கள் யார்? ஒரே புரொபசரிடம் படித்த ஒரு கூட்டம். ஒருத்தன் கட்டுரை போட்டால் மற்றவர்கள் வரிசையாக வந்து அவன் பேரை எழுதிவிட்டுப் போகிறார்கள், கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி. அவன் எனக்கு எழுதினான், நான் அவனுக்கு எழுத வேண்டும். உனக்கு எழுதினவர்களில் ஒருத்தராவது உறவா, சிநேகிதமா? பிரேசிலில் உனக்கு யார் இருக்கிறார்கள்? தேவைப்பட்டதால் எழுதினான். இதைத் தாதாவிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, முத்துகிருஷ்ணன்பாபு, இது உங்களுக்குப் புரிகிறது, அதனால்தான் நீங்கள் கமிட்டியில் இல்லை என்றார்.

சரி, முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை உன் ஆராய்ச்சி நிலையத்துக்கு நானே போனேன். ரிட்டயர்மென்ட் அன்றைக்குப் போட்ட கோட்டு, கையில் என் ஆதார் கார்டு, உன் பழைய ஸ்கூல் அடையாள அட்டை. நேராக டைரக்டர் ரூம். நாலு விஞ்ஞானிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் முத்துகிருஷ்ணன் என்றேன். அவ்வளவுதான், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டைரக்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ வந்தது, சந்தேஷ் இனிப்பு வந்தது. இந்தப் பேரில் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி எவனும் கிடையாது ஐயா, நான் ரயில்வேக்காரன், எழுதினது முழுக்க என் பெண் என்று சொன்னேன். மருமகள் என்று சொல்ல வரவில்லை, அப்படித்தான் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு நடந்துவிட்டது, அந்த ஃபைலை மறுபடி திறக்கிறேன், அவளை வரச் சொல்லுங்கள் என்றார்.

இவ்வளவும் எழுதி அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்ததும் கத்தியை வைத்துவிட்டாள். ஏங்க, இதை நம்பி அந்தப் புள்ள அங்க கையெழுத்துப் போடாம பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா, அப்ப எந்த ஃபைலைத் திறப்பீங்க என்று கேட்டாள். கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க என்றாள். கிழிக்க மனம் வரவில்லை. மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது.

அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனது நிஜம். கோட்டு நிஜம். டீயும் நிஜம்தான், வாசலில் காவலுக்கு இருந்த தர்வான் மண் குவளையில் வாங்கிக் கொடுத்தது. மாடிக்கு விடவில்லை. மத்தியானம் டைரக்டர் கீழே இறங்கி வந்தார். குறுக்கே போய் நின்று, பூங்கோதையின் மாமா என்றேன். மரியாதையாகத்தான் நின்றார். கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்து, யார் பூங்கோதை என்று கேட்டார். அந்த ஆள் காதோரம் ஏதோ சொன்னார். ஓ என்றார். கார் கதவைத் திறந்தார்கள், போய்விட்டார். மழையில் ஆதார் கார்டை உள்பையில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

ஃபைல் எதுவும் திறக்கவில்லை. இங்கே எந்த வழியும் இல்லை. நீ அங்கே கையெழுத்துப் போடு. நாளைக்கே போடு. அங்கே டைட்டில் கேட்டால் உன் அப்பா பேரைக் கொடு, சாகிறவரைக்கும் அதை மாற்றாதே. என் பேரில் கிடக்கிற கட்டுரைகளை உன் பேரோடு சேர்த்துவிட ஏதோ முறை இருக்கிறதாம், தாதா சொன்னார். சேர்த்துவிடு. மீன் மார்க்கெட்டில் நான் சமாளித்துக்கொள்வேன்.

உன் ஸ்கூல் பை மாட்டின ஆணியைப் பிடுங்கிவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். இப்போது வேண்டாம், மழைக்காலம் முடியட்டும் என்றேன். அங்கே மழை நிற்பதே இல்லையாமே. குடை வைத்துக்கொள். காளிகாட் அம்மன் உன்னை எந்த ஊரிலும், எந்தப் பேரிலும் அடையாளம் கண்டு காப்பாற்றட்டும்.

இன்னொன்று. அத்தை சொன்னதுதான் சரி. அன்றைக்குக் காலையில் நான் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை, ஆல் தி பெஸ்ட் என்றுதான் சொன்னேன். உனக்குக் கிடைக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் மாமா