கோணிப்போன வலதுபக்கக் கோடு

அன்புள்ள அப்பா,

உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? எனக்குக் கண் எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.

கணினித் திரையில் வரும் எழுத்தைச் சுற்றிப் பெட்டி வரையும் சின்ன புரோகிராம் எழுதினேன். முடித்துக் கொடுத்தால் விடுப்பு. கடைசியாக, நீங்கள் போனில் கேட்கும் "சாப்பிட்டியாம்மா?"வை அடித்துப் பார்த்தேன். தமிழுக்கு மட்டும் பெட்டியின் வலதுபக்கக் கோடு கோணிப்போனது; புள்ளியையும் காலையும் தனி எழுத்தாக எண்ணிவிடுகிறது.

மேலாளர் சிரித்தார். "இங்க யாரு தமிழ்ல அடிக்கப் போறா? விட்டுட்டு ஊருக்குக் கிளம்பும்மா."

அதைச் சரிசெய்யாமல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. விடுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் வருகிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஓர் உதவி. சோதித்துப் பார்க்க நீளமான தமிழ் வரிகள் வேண்டும். வழக்கம்போல "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். திட்டியாவது இரண்டு பக்கம் எழுதுங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்