வாண்டுவுக்கு ஒரு மட்டக்குதிரை

மார்ச் 2
இன்று பார்த்த குதிரையும் தேறவில்லை. சேணத்தைக் கண்டதுமே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. "பாவம்மா, அதுக்குப் பிடிக்கலை" என்கிறாள் வாண்டு.

வாண்டு போகும் குதிரையேற்றப் பள்ளியின் மட்டக்குதிரைக்கு மூட்டுவலி. இனி அதன்மேல் யாரும் ஏறக்கூடாதாம். மீதி இருப்பதெல்லாம் பெரியவர்களுக்கான ஆளுயரக் குதிரைகள். சொந்தமாக ஒன்று வாங்கினால் லாயத்தில் இடம் தருவதாகக் குதிரை டீச்சர் சொல்லியிருக்கிறார். வாண்டுவுக்கு ஒன்பது வயதாகிறது, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. குதிரைமேல் உட்கார்ந்தால் மட்டும் லொடலொடவென்று பேசுவாள். அதை எப்படி நிறுத்துவது?

மார்ச் 5
டீச்சர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். அழகு வேண்டாம், வயது வேண்டும். "புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிஞ்ச குதிரைதான் சரி. ரெண்டுமே புதுசுன்னா யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கிறது?" குதிரை பார்க்க நாம் போய்ச் சேரும்போது அது சேணமில்லாமல் நிற்க வேண்டும். பிடித்து வருவதும் சேணம் பூட்டுவதும் நம் கண்முன்னால் நடக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தலையாட்டினார். இவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

மார்ச் 9
வாங்கிவிட்டோம்! வெள்ளை. பிடரி மயிரைப் பின்னிவிட்டு, சேணமெல்லாம் பூட்டித் தயாராக நிறுத்தியிருந்தார்கள். சேணத்தைச் சுற்றி ஈரமாக இருந்தது. "இப்பதாங்க குளிப்பாட்டினேன்" என்றார் விற்பவர். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்குள் வாண்டு மேலே ஏறியாயிற்று, பேச்சும் ஆரம்பமாயிற்று. அது பூனைபோல நடந்தது.

விற்பவர் அதன் வாயைத் திறந்து காட்டினார். "எங்க வீட்ல பல் டாக்டர்கிட்டதாங்க வேலை" என்று இவர் பெருமையாக என்னை முன்னே தள்ளினார். நான் அங்கே டோக்கன் கொடுப்பவள். குதிரைப் பல்லைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? நானும் தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 10
காலையிலிருந்து குதிரைப் பேச்சு. காது வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 14
கை. இடது கை, மணிக்கட்டுக்கு மேலே. மாவுக்கட்டு போட்டிருக்கு.
நாலு நாள் தின்னுட்டு சும்மா நின்ன குதிரை — ஏறினதும் பிய்ச்சுக்கிட்டு ஓடிச்சு. வேலிகிட்ட தூக்கிப் போட்டுது. பிள்ளை அழவே இல்லை. அழுதிருந்தா தேவலை.

மார்ச் 16
டீச்சருக்குக் கோபம் வந்து இன்றுதான் பார்க்கிறேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டி ஓட்டிக் களைக்க வச்சிருக்காங்க. குளிப்பாட்டின ஈரம் இல்லைங்க அது, வேர்வை. நீங்க எப்ப வருவீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இவர் தரையைப் பார்த்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு போன், பாதி வழியில் ஒரு போன். பார்க்கப் போன எல்லா இடத்துக்கும் அப்படித்தானாம். "சொல்லாம கொள்ளாம ஒருத்தர் வீட்ல போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். எழுந்து வாண்டுவுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டார். அவரை மட்டும் சொல்லி என்ன? ஈரத்தை நானும்தானே பார்த்தேன்.

மார்ச் 29
விற்றவர் போனை எடுப்பதில்லை. வெள்ளையை டீச்சரே வைத்துக்கொள்கிறாராம், அனுபவமுள்ளவர்களுக்கு.

ஏப்ரல் 20
ஒரு பேக்கரிக்காரர் வீட்டுக் குதிரை, அவர் மகள் ஏறிப் பழகியது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை டீச்சரும் கூட வந்தார்; போன் செய்யவில்லை. மனிதர் கைலியோடு கதவைத் திறந்தார். குதிரை சேற்றில் புரண்ட கோலத்தில் புல்வெளியில் நின்றது. பழுப்பு நிறம், தொங்கும் வயிறு, தொங்கும் உதடு. கயிற்றைக் காட்டியதும் தானே நடந்துவந்து தலையை நீட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்ததில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது புல்லை மெல்வதைக்கூட நிறுத்தவில்லை.

"இதுதாங்க" என்றார் டீச்சர். அங்கேயே பேசி முடித்து வாங்கிவிட்டோம்.

வாண்டு காரை விட்டு இறங்கவே இல்லை.

மே 18
மாவுக்கட்டு பிரித்தாயிற்று. லாயத்துக்கு ஆசையாகத்தான் வருகிறாள். தேய்த்துவிடுகிறாள், குளம்பைச் சுத்தம் செய்கிறாள். சேணத்தை எடுத்தால் மட்டும், "இன்னிக்கு வேண்டாம்மா."

ஜூன் 8
இன்றைக்கும் வேண்டாமாம்.

ஜூன் 29
டீச்சர் வற்புறுத்தக் கூடாது என்கிறார். யார் வற்புறுத்துகிறார்கள்? இவர் "ஒரே ஒரு ரவுண்டும்மா, அப்பா பிடிச்சுக்கிறேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் சேணத்தில் கைவைத்தாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் குதிரை முதலிலேயே கிடைத்திருந்தால்? இப்படி யோசித்து யோசித்துத்தான் மண்டை காய்கிறது.

ஜூலை 6
வாண்டுவே சொல்லிவிட்டாள்: "வித்துடலாம்மா. யாராவது ஏறணும்ல. அது சும்மாவே நிக்குது."

ஜூலை 13
ஒரு குடும்பம் பார்க்க வந்தது. முன்பல் விழுந்த சின்னப் பெண், அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. வாண்டுதான் குதிரையை வெளியே கூட்டிவந்தாள். "இங்க தடவு, இதுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். எல்லார் கண்முன்னாலும் சேணம் பூட்டி, டீச்சர் அந்தப் பிள்ளையை ஏற்றிவிட்டதும், வாண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாள். சுற்று முழுக்க ஓயாத பேச்சு: முதுகை நேரா வை, கீழ பாக்காத, பயமா இருந்தா சொல்லு, நான் நிறுத்திடுறேன். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

இறங்கும்போது அந்தப் பிள்ளை கேட்டது: "அக்கா, நீங்க ஏன் ஏறலை?"

"எனக்குப் பெரிய குதிரை வரப்போகுது."

அப்படி ஒன்றும் வரப்போவதில்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்து குதிரையை அழைத்துப்போகிறார்களாம். திரும்பும்போது வாண்டு காரின் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.