ஜெயில் இல்லை என்று சொல்லிவிட்டேன்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

துரையிடம் சொல்லாமல் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போகிறவர்களை இனி ஜெயிலில் போட மாட்டார்கள், சர்க்கார் சட்டத்தை மாற்றிவிட்டது என்று நேற்று பள்ளிக்கூட வாசலில் கொழுந்து பறிக்கும் முத்தாயியிடம் சொன்னேன். அவள் புருஷன் அப்படிப் போய்ப் பிடிபட்டு, பதுளை ஜெயிலிலிருந்து காய்ச்சலோடு திரும்பிச் செத்தவன்.

"நெசந்தானுங்களா வாத்தியாரே?"

"நெசந்தான்" என்றேன்.

இன்று காலைப் பெரட்டில் ஆள் எண்ணியபோது அவள் இல்லை. கைக்குழந்தையோடு பெரகலவிலுள்ள அக்காவிடம் புறப்பட்டுவிட்டாளாம். துரை பொலிசுக்கு ஆள் அனுப்பிவிட்டார். பதறிப்போய் லுணுகலைக் கடைவீதிக்கு ஓடி, பேப்பர் படிக்கும் கடைக்கார காசிம் நானாவிடம் கேட்டேன்.

"சட்டம் பாஸானது சரிதான் மாஸ்டர். ஆனா இன்னும் நடப்புக்கு வரல்லியே."

மழை விடவில்லை. பிடித்தால், யார் சொல்லிப் போனாய் என்று அடித்துக் கேட்பார்கள். அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.