உன் குதிகால் பட்ட இடம்

இன்று மதியம் கோழிப் பண்ணை ஷெட்டின் கூரைமேல் தண்ணீர் பீய்ச்சினேன். காய்ந்து கொதிக்கும் சிமென்ட் சீட்டில் தண்ணீர் பட்டதும் எழும்பும் அந்த நெடி மூக்கில் ஏறியது. இடது விலா சுருக்கென்றது. வந்துவிட்டாயடா என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் பேசிக்கொண்டதைவிட அடித்துக்கொண்டதுதான் அதிகம். என் முன்பல்லை உடைத்தவன் நீ. உன் காதைக் கடித்தவன் நான். அரும்பாத உன் மீசைக்கு முட்டைக்கரு தடவியதற்காகத் தீவன மூட்டையை என் முதுகில் தள்ளிவிட்டாய்.

உன் அப்பா பண்ணைகளுக்குக் கூரை போடுகிறவர். லீவு நாட்களில் நம்மையும் மேலே ஏற்றுவார். போல்ட் வரிசைமேல்தான் கால் வைக்கவேண்டும். அதன் அடியில்தான் சட்டம் இருக்கும். சீட் விரிசல் விட்டால்? அதற்கும் உன் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார்.

"கை குடுத்தீங்கன்னா ரெண்டு பேரும் உள்ள போயிருவீங்க சாமி. எட்டி ஒரு உதை. அடுத்த வரிசையில போயி உழுகட்டும்."

போன மே மாதம் உன் மாமாவின் முட்டை லாரியில் தரங்கம்பாடிக்குப் போனோம். அந்த மதில் ஊரின் கூரைகளை மேலிருந்து படமெடுக்க உனக்கு அப்படியொரு வெறி. பூட்டிக் கிடந்த பழைய வீட்டின் பின்சுவரைப் பிடித்து ஏறினோம். வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடுகள். அதற்கப்பால் கடல்.

"ஆடாதடா, படம் கெட்டுரும்" என்றாய்.

லென்ஸுக்கு முன்னால் நாக்கை நீட்டினேன். பிடரியில் ஒன்று விட்டாய். உன் வயிற்றில் குத்திவிட்டுப் பின்வாங்கினேன்.

ஓட்டுக் கூரையில் போல்ட் கிடையாது. வரிசையைப் பார்த்ததும் நம் ஷெட் என்றே நம்பிக் கால் வைத்துவிட்டேன். அடியில் மரம் செல்லரித்திருந்தது. மடமடவென்று சத்தம். பாய்ந்து வந்து என் விலாவில் உதைத்தாய். பறந்துபோய்க் கைப்பிடிச் சுவரில் மோதினேன்.

"நாயே, செத்துப் போடா!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். நீ இல்லை.

ஓட்டுப் போடும் வயதுகூட வராதவன், ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டுப் போனாயடா. நீ இருந்திருந்தால் இதற்கும் ஓர் அறை விழுந்திருக்கும்.

கீழே கல் தரையில் உன் தலை பிளந்திருந்தது. ஓட்டுத் தூள் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. நாம் அடித்துக்கொண்டதைத் தெருவிலிருந்து பார்த்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"நீதானே தள்ளிவுட்ட? சொல்லுடா!"

செருப்பால் அடித்தார்கள். உதடு கிழிந்தது. நான் மறுக்கவில்லை. சாகச் சொன்னது நான்தானே.

மூன்றாம் நாள் உன் அப்பாவிடம் போனேன். "நாந்தானுங்கப்பா கொன்னேன். என்னையும் கொன்னுருங்க" என்றேன்.

சட்டையைப் பிடித்து உலுக்கினார். பொத்தான்கள் தெறித்தன. ஓங்கிய கை பாதியில் நின்றது. என் விலாவில் கருநீலமாய் உன் குதிகால். அதை விரலால் மெல்லச் சுற்றி வரைந்தார்.

"இது நம்ம ஷெட்டு உதைதானே சாமி... தப்பாம உதைச்சிருக்கான் எம்பையன்."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து தன் தலையில் அடித்துக்கொண்டார். உனக்கு உதைக்கச் சொல்லிக் கொடுத்த வாயிலும் அடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை.

காமிராவின் கடைசிப் படத்தில் பாதி சிவப்புக் கூரைகள், பாதி என் நாக்கு. உன்னைச் சாகச் சொன்ன அதே நாக்கு.

கருநீலம் மறைந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் மூச்சை நன்றாக இழுத்தால் இன்னும் குத்துகிறது. அதனால் இழுத்தேதான் விடுகிறேன்.