ஏலக்காரரின் சாட்சி

மார்ச் 4

நீச்சல்குளத்தின் பட்டத்து இளவரசி, முந்நூறு பிள்ளைகளைத் தண்ணீரில் மிதக்க வைத்த என் மருமகள் மீன்குட்டிக்கு,

உன் தாய்மாமன், ஏலக்கூடத்தின் முடிசூடா மன்னன், மூன்று கால் நாற்காலியையும் சிம்மாசனமாக்கி விற்கும் வித்தகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் பல் செட்டும் நலம். உன் கடிதம் வந்த பிறகு இரண்டுமே நலமில்லை. நறநறவென்று கடித்ததில் கீழ் வரிசை ஆடுகிறது.

நின்றுகொண்டு ஒரு தடவை படித்தேன், உட்கார்ந்து ஒரு தடவை. நான் விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த ரசீதுகள் எல்லாம் பறந்து எதிர்வீட்டு மாடியில் போய் இறங்கின. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா பார்.

இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு, உன் ஆசைக்கு, உன் சம்பளத்தில், மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாய். செய்துகொண்டதில் உனக்குச் சந்தோஷம். (அடிக்கோடு போட்டிருந்தாய். நானும் மனசில் போட்டுக்கொண்டேன்.) இப்போது குளத்து விளிம்பில் குனிந்து ஒரு பிள்ளையைக் கை கொடுத்துத் தூக்கும்போது, இடப்பக்க ஓரத்தில் தோலுக்கடியில் வரிவரியாகச் சுருக்கம் தெரிகிறது. விரல் வைத்தால் உள்ளே வைத்திருக்கும் ஜெல் பையின் மடிப்பு தட்டுப்படுகிறது. அதைப் போய்ச் சொன்னால் அந்த டாக்டர், "இதெல்லாம் நார்மல்மா, கண்ணாடி முன்னாடி நிக்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்கிறாரா?

அடப்பாவி! நான் ஏலக்காரன். பொய்யும் புளுகும் என் பிழைப்பு. ஆனால் கால் ஆடுகிற மேசை வந்தால், "கால் ஆடும், கால் ஆடும், கால் ஆடும்" என்று மூன்று தடவை கூவிவிட்டுத்தான் சுத்தியலை இறக்குவேன். படித்த மனிதருக்கு அந்த நாணயம் வேண்டாமா? 'சுருக்கம் விழலாம்' என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்?

ஆணையிடு. நாற்பதாயிரம் பேரோடு வந்து அந்த கிளினிக்கை முற்றுகையிடுகிறேன். ஆள் கிடைக்காவிட்டால் நான் ஒருத்தனே நாற்பதாயிரம் பேர் சத்தம் போடுவேன்.

கொதிப்புடன்,
உன் மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளத்து உடைமாற்றும் அறையில் வைத்துப் படித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். டிக்கெட் கவுன்டர் அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, லாட்டரியா?" என்று கேட்டார்.

போனில் பேசினால் எங்கள் வீட்டுச் சுவர் முழுக்கக் காது. அதனால்தான் கடிதம். உங்களுக்கு மட்டும் ஏன் சொன்னேன் தெரியுமா? பல் செட் கட்டியபோது, பேசினால் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்று டாக்டரை நீங்கள் ஆறு தடவை விரட்டினீர்கள். யாராவது உங்களை, "இந்த வயசுல உனக்கு எதுக்கு அழகு? கேட்டு வாங்கிக்கிட்ட வினை, அனுபவி" என்று சொன்னார்களா? அம்மா என்னிடம் அதைத்தான் சொன்னாள். "வேலியில போன ஓணானை மடியில கட்டிக்கிட்டியேடி" என்றாள். என் வீட்டுக்காரர் அதைவிடச் சுருக்கம்: "எடுத்துடு. எடுக்கறதா இருந்தா நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

எனக்கு எடுக்க வேண்டாம் மாமா. சரிசெய்ய வேண்டும். ஆசைப்பட்டதும் நான்தான், குறை சொல்வதும் நான்தான். இரண்டும் ஒரே வாயில் ஏன் இருக்கக் கூடாது?

வேறொரு பெண் டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தார். பை கிழியவில்லை, கசியவில்லை. உடம்பு ஒல்லி, தோல் மெல்லிசு. அப்படிப்பட்ட உடம்பில் பையைத் தசைக்கு மேலேயே வைத்ததால் மடிப்பு வெளியே தெரிகிறதாம். தசைக்கு அடியில் மாற்றி, கொஞ்சம் கெட்டியான ஜெல் பையாக வைக்கலாம் என்றார். அப்போதும் சுருக்கம் நூற்றுக்கு நூறு போகும் என்று சொல்ல மாட்டேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஏப்ரல் இருபதாம் தேதி ஆபரேஷன். கூட ஒரு உறவுக்காரர் இருந்து கூட்டிப் போக வேண்டுமாம். நீங்கள் வருவீர்களா? அதுவரை எதுவும் செய்ய வேண்டாம். முற்றுகையும் வேண்டாம், கூவலும் வேண்டாம்.

அன்புடன்,
மீன்குட்டி

மார்ச் 19

வீராங்கனை மீன்குட்டிக்கு,

வருவேன். வராமல் வேறு எங்கே போவேன்? இருபதாம் தேதி சூரியன் வரத் தவறினாலும் உன் மாமன் வருவான்.

எதுவும் செய்ய வேண்டாம் என்றாய். செய்யவில்லை. அந்தப் பழைய டாக்டரிடம் சும்மா போனேன், அவ்வளவுதான்.

போன வேகத்தில் கண்ணாடிக் கதவு நடுங்கியது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "நான் இன்னாருக்குத் தாய்மாமன், உன் டாக்டரை எழுந்து நிக்கச் சொல்லு" என்று கர்ஜித்தேன். காத்திருந்த பதினெட்டுப் பேரையும் தாண்டி என்னை உடனே உள்ளே விட்டார்கள். மெத்தென்ற நாற்காலி. பீங்கான் கோப்பையில் டீ. நான் மசியவில்லை. மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன் பார், பேனா ஸ்டாண்டு எகிறிக் கூரையில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் மீன்குட்டி, ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் பண்பானவர். என் பல் வரிசையைப் பார்த்து, "சொந்தப் பல்லா சார்?" என்று கேட்டார். பொறுமையாக முக்கால் மணி நேரம் விளக்கினார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார், உன் படங்களாம். மின்னலாய்க் கண்ணை மூடினேன், இமை மோதிய சத்தம் தெருவரை கேட்டிருக்கும். "ஒல்லியா இருக்கறவங்களுக்கு இப்படி ஆகறது சகஜம் சார், முதல் நாளே பார்த்ததும் எனக்குத் தெரியும்" என்றார். நாலு கிலோ சதை போட்டால் மறைந்துவிடுமாம். கடைசியில், "வீட்டுக்காரரே புகார் சொல்லலையே சார், அப்புறம் இது யாருக்குக் கஷ்டம்?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் மாமன் சொல்வதைக் கேள். இன்னொரு கத்தி எதற்கு? நன்றாகச் சாப்பிடு. சதை போடட்டும். பிறகு பார்க்கலாம்.

பாசமுள்ள,
மாமா

மார்ச் 24

மாமாவுக்கு,

எனக்கு நாலு நிமிஷம் கொடுத்தவர் உங்களுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார். டீயும் கொடுத்தார். உடம்பு என்னுடையது.

உங்களிடம் அடையாள அட்டை கேட்டாரா? நீங்கள் என் தாய்மாமன் என்று எப்படித் தெரியும்? வழிப்போக்கன் ஒருவன் வந்து அதையே கர்ஜித்திருந்தால் அவனுக்கும் திரையைத் திருப்பியிருப்பாரா? சட்டை இல்லாமல் நிற்கும் அந்தப் படங்களை, சிகிச்சைக்கு மட்டும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். நீங்கள் கண்ணை மூடினீர்களா இல்லையா என்பதல்ல என் கேள்வி. திறந்து காட்ட அவர் யார்?

முதல் நாளே தெரியுமாம்! 'உங்களுக்கு வராதுன்னு நினைச்சேன்' என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தே சொல்லாமல் கத்தி வைத்திருக்கிறார். அதை உங்களிடம் ஏதோ பெருமை போலச் சொல்கிறார், நீங்களும் எனக்கு நல்ல சேதி போல எழுதுகிறீர்கள்.

யாருக்குக் கஷ்டம் என்று அவர் கேட்டபோது என் பெயரைச் சொல்ல அந்த அறையில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த ஆள் சிரித்தார்.

மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதுகிறேன். நடந்ததற்கு நீங்கள் மட்டும்தான் சாட்சி. உங்கள் கடிதத்தையே இணைக்கலாம் என்று எடுத்தேன். பேனா ஸ்டாண்டு கூரையில் ஒட்டியிருக்கிறது, இமைச் சத்தம் தெருவில் கேட்கிறது. படிக்கிற அதிகாரி ரசித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? உங்கள் விளையாட்டெல்லாம் எனக்கு உயிர் மாமா. ஆனால் எனக்கு உங்கள் சொல் தேவைப்படும்போது அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

ஒரு பக்கம், நடந்தது மட்டும், எழுதித் தர முடியுமா?

ஆபரேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம். உறவுக்காரர்தான் வேண்டும் என்றால் டிக்கெட் கவுன்டர் அக்காவை என் அக்கா என்று எழுதிக்கொள்கிறேன்.

மீன்குட்டி

ஏப்ரல் 3

அன்புள்ள மீன்குட்டிக்கு,

கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். தாமதமாகிவிட்டது. முதலில் எழுதியதில் டாக்டருக்குக் கொம்பு முளைத்துவிட்டது, கிழித்தேன். அடுத்ததில் கொம்பு இல்லை, ஆனால் எனக்குக் கிரீடம் இருந்தது. அதையும் கிழித்தேன்.

நடுவில் உன் அம்மா போன் செய்தாள். "நீயாவது அவளுக்குப் புத்தி சொல்லுடா" என்றாள். "யாருக்கும் சொல்ற அளவுக்கு எங்கிட்ட இப்ப ஸ்டாக் இல்லக்கா" என்றேன். "குடிச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

உன் புது டாக்டர் சொன்னபடி செய். நாலு கிலோ சதை என்று நான் எழுதியதை அழித்துவிடு. இருபதாம் தேதி நான் வரவில்லை.

மாமா

இணைப்பு:

மார்ச் பதினாறாம் தேதி மாலை, முன்பதிவு இல்லாமல் அந்த கிளினிக்குக்குப் போனேன். நோயாளியின் தாய்மாமன் என்று சொன்னேன். என்னிடம் எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். என்னை முதலில் உள்ளே அனுப்பினார்கள்.

நான் சத்தம் போடவில்லை. மேசையைக் குத்தவில்லை. கொடுத்த டீயைக் குடித்தேன்.

டாக்டர் என் மருமகளின் மருத்துவ விவரங்களை என்னிடம் பேசினார். அவளுடைய அனுமதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் அவளுடைய படங்கள் இருந்தன. நான் கண்ணை உடனே மூடவில்லை. முதல் படத்தைப் பார்த்தேன். பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். திரையை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஒல்லியான உடம்புக்கு இப்படிச் சுருக்கம் விழும் என்பது முதல் நாளே தனக்குத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அதை அவளிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

கணவர் புகார் சொல்லவில்லையே, பிறகு யாருக்குக் கஷ்டம் என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கஷ்டம் என் மருமகளுக்கு. அதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். இங்கே சொல்கிறேன்.

மேலே உள்ளது முழுவதும் நடந்தது. எதையும் கூட்டவில்லை.

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

புகாரை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், உங்கள் பக்கத்தையும் சேர்த்து. ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

முதல் படத்தைப் பார்த்தேன் என்று எழுதியிருந்த இடத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குளத்தில் மூச்சு வாங்குகிற வரைக்கும் நீந்தினேன். கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் அந்த வரி இருப்பதால்தான் மற்ற வரிகளையும் கவுன்சில் நம்பும். நானும் நம்புகிறேன்.

டிக்கெட் கவுன்டர் அக்கா வருவது உறுதி. என்னோடு உள்ளே வருவது அவர்தான், கையெழுத்துப் போடுவதும் அவர்தான். வெளியே பெஞ்ச் நீளமானது. ஒரு ஆளுக்கு இடம் இருக்கும். இருபதாம் தேதி, காலை ஆறு மணி. ஆட்டோவில் வரும்போது டிரைவரிடம் என்ன வேண்டுமானாலும் அளந்து விடுங்கள்.

உள்ளேயிருந்து யாராவது வந்து என்னைப் பற்றி உங்களிடம் ஏதாவது கேட்டால், "அவளைக் கேளுங்க" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மீன்குட்டி